பனி சுமந்து வராத பாறைகள்



கனடாவிலும் நோர்வேயிலும் பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், பெற்றோர் எப்படியும் ஒருநாள் கண்டிக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, நேரம் மிஞ்சினால் நக்கிள்ஸ் மலை. ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது, சரிவில் யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் ஒற்றையாய் உட்கார்ந்திருக்கும் யானைப் பருமனான ஒரு கல்லைக் கண்டதும் பிள்ளை கேட்கும்: "இதைப் பனிக்கட்டியாறுதானே இழுத்து வந்தது?"

பிள்ளை கேட்டதில் பிழையில்லை. அது படிக்கும் நாட்டில் அப்படித்தான். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், கல்கரி நகருக்குத் தெற்கே ஒக்கொடொக்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அதற்கு அருகே, மலை எதுவும் இல்லாத சமவெளிப் புல்லுக்கு நடுவே வீடு அளவுக்கு ஒரு கல் பிளந்து கிடக்கிறது. எடை ஏறத்தாழ 16,500 தொன். ஜாஸ்பர் பக்கத்து ரொக்கி மலையிலிருந்து சரிந்து, பனிக்கட்டியாற்றின் முதுகில் விழுந்து, பல நூறு கிலோமீற்றர் சவாரி செய்து, பனி உருகிய இடத்தில் இறங்கிய கல் அது. ஊருக்குப் பெயரே அந்தக் கல்லால் வந்தது. பிளாக்ஃபுட் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாறை என்று பொருள். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் நோர்பர் என்ற இடத்தில் கறுத்த கற்கள் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பீடத்தின்மேல் நிற்கின்றன. அவையும் பனி இறக்கிவைத்த பாரங்கள்தான். தான் கிடக்கும் தரையோடு உறவில்லாத இத்தகைய கற்களைப் பார்த்துத்தான் ஐரோப்பியர் பனியூழி என்ற ஒன்று இருந்ததையே கண்டுகொண்டார்கள்.

கண்டியில் அது நடக்கவில்லை. இலங்கையின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகாலை, 2,524 மீற்றர். தை மாசி விடியலில் நுவரெலியாப் புல்லில் உறைபனி வெள்ளையாய்ப் படியும், வெயில் ஏறியதும் போய்விடும். உலகம் மிகவும் குளிர்ந்து கிடந்த கடைசிப் பனியூழியிலும் இந்த மலைகளில் பனிக்கட்டியாறு ஓடவில்லை. அப்படியானால் நக்கிள்ஸ் சரிவில் இருக்கும் அந்தக் கல் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த மலைதான் போய்விட்டது.

இதைச் சட்டென்று நம்புவது கடினம். பனியூழியை உலகுக்கு அறிவித்தவரே இதில் தடுக்கி விழுந்தார். 1837இல் சுவிற்சர்லாந்தின் நியூஷாத்தெல் நகரில், ஐரோப்பாவைப் பனி மூடியிருந்த காலம் ஒன்று உண்டு என்று துணிந்து பேசியவர் லூயி அகாசி. பிறகு அமெரிக்காவில் ஹார்வர்ட் பேராசிரியராகி, 1865இல் பெரும் ஆய்வுக்குழுவோடு பிரேசிலுக்குப் போனார். ரியோ நகருக்குப் பக்கத்து மலைகளில் செம்மண்ணுக்குள் புதைந்தும் வெளியே துருத்தியும் கிடந்த உருண்டைக் கற்களைப் பார்த்தார். சுவிஸ் மலையில் பழகிய கண். இங்கும் பனி வந்திருக்கிறது, அமேசன் பள்ளத்தாக்கையே பனி நிரப்பியிருந்தது என்று எழுதிவிட்டார். அவரோடு போன மாணவர் சார்ள்ஸ் ஹார்ட் பின்னாளில் பிரேசிலிலேயே பல ஆண்டுகள் அலைந்து அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1893இல் ஜோன் பிரானர் என்ற புவியியலாளர் பிரேசிலில் பனி இருந்ததாகச் சொன்னதைக் கட்டுரை எழுதி மறுத்தார். கற்கள் வெப்பமண்டல மழையில், மண்ணுக்கு அடியில், நின்ற இடத்திலேயே உருண்டவை. அகாசி ரியோவில் செய்த பிழையைத்தான் நம்முடைய பிள்ளை நக்கிள்ஸ் பாதையில் செய்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

நின்ற இடத்தில் கல் எப்படி உருளும்? நம் பாடநூல்களில் 'வானிலையாலழிதல்' என்று ஒரு வறட்டுச் சொல்லைப் படித்திருப்பீர்கள். வாயில் போட்ட கற்கண்டை நினைத்துக்கொண்டால் போதும். முதலில் கரைவது முனை, அடுத்தது விளிம்பு, கடைசியில்தான் முகம். முனைக்கு மூன்று பக்கமிருந்தும் நீர் வருகிறது, விளிம்புக்கு இரண்டு பக்கம், முகத்துக்கு ஒன்றே ஒன்று. மலைப்பாறையில் இயல்பாகவே வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி அதைப் பெரிய பெரிய பெட்டிகளாகப் பிரித்துவைத்திருக்கும். கண்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர் மழை, நக்கிள்ஸின் ஈரமான சரிவுகளில் அதைவிட மிக அதிகம். அந்த நீர் இலைமக்கில் ஊறிப் புளித்து, வெடிப்பு வழியாக இறங்கி, பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களியாக்குகிறது. கறுப்பு மைக்கா வீங்கித் தோலைப் பிளக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் வெளியிலிருந்து உள்ளே உக்கிக்கொண்டு போகிறது. நடுவில் எஞ்சுவது உருண்டை. நூறு வருடம், இருநூறு வருடத்துக் கதை இல்லை, இலட்சக்கணக்கான ஆண்டுகள். பிறகு உக்கிய மண்ணை மழை கழுவிக்கொண்டு போகும்போது, உருண்டை வெளியே தலை காட்டுகிறது.

இதை நேரில் பார்க்க விரும்புபவர் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியதில்லை. கண்டியைச் சுற்றி வீதிக்காக மலையை வெட்டிய எந்த இடத்திலும் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். வெட்டுமுகத்தில் செம்மண் சுவர். அந்தச் சுவருக்குள் வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் வட்டம் வட்டமாகக் கோடுகள். வெளிவட்டத்தை விரலால் அழுத்தினால் மாவாக உதிரும், கையில் மஞ்சள் ஒட்டும். ஆனால் அந்த மாவிலும் பழைய பாறையின் வெள்ளை வரியும் கறுப்பு வரியும் குலையாமல் அப்படியே ஓடும். மண் வேறெங்கிருந்தும் வந்து மூடவில்லை, பாறைதான் மண்ணாகியிருக்கிறது என்பதற்கு அந்த வரிகளே சாட்சி. அடுத்த வட்டம் ஓடு ஓடாகக் கழன்று வரும். நடுவிலுள்ள கருவைச் சிறு சுத்தியலால் தட்டினால் வெண்கலம்போல் கணீர் என்று கேட்கும். கல்லுடைக்கும் தொழிலாளிக்கு அந்த ஓசை போதும். மொத்தென்று கேட்டால் உள்ளே உக்கல், கணீரென்றால் நல்ல கல்.

அந்த நல்ல கல்லில் ஒருவகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். பெயர் வந்த கதை நமக்கு வேண்டியது. கல்கத்தாவைக் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜோப் சார்னொக்கின் கல்லறைமேல் வைத்த கல்லை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட், அந்தக் கல்வகைக்கு அவர் பெயரையே வைத்தார். அந்தக் கல்லின் ஊர் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலை. கண்டி மலையின் எலும்பும் பல்லாவரத்து மலையின் எலும்பும் ஒரே சாதி. கண்டி அமைந்திருக்கும் நடுமலைப் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இன்றைய உருவம் பெற்றவை. அப்போது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டிக்கிடந்தன.

இந்தப் பாறைகளை முறையாகப் பார்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு தமிழர் மகன். ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்று ஆசிரியராகத்தான் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் படித்தது புவியியல். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் முதல் பணிப்பாளர். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமம் கிராமமாக நடந்தவர், அந்த வீடுகளில் நெசவையும் பித்தளை வேலையையும் ஓவியத்தையும் கண்டு மனம் மாறினார். 1908இல் வந்த அவருடைய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் அந்த நடையின் விளைவு. கண்டியின் கல்தான் அவரைக் கண்டியின் கலைக்குக் கூட்டிச் சென்றது என்று சொன்னால் மிகையாகாது. அவருக்குப் பின், இந்தியாவின் பெயர்பெற்ற புவியியலாளர் தா. நோ. வாடியா 1938இல் இலங்கை அரசின் கனிமவியலாளராக வந்து, இந்த நாட்டின் நிலம் மூன்று படிக்கட்டுகளாக உயர்ந்திருப்பதை ஆராய்ந்து எழுதினார்.

இங்கே ஒரு கிளைக்கதையையும் சொல்லிவிட வேண்டும். பனி நம் பக்கம் வரவே இல்லை என்று ஒரேயடியாகச் சாதித்துவிடவும் முடியாது. ஒடிசாவில் பிராமணி ஆற்றங்கரையில் தால்ச்சேர் என்ற ஊரில், 1856இல், மென்மையான களிமண்ணுக்குள் பெரிய பெரிய கற்கள் புதைந்திருப்பதை பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் கண்டார்கள். களியை மெல்லப் படியவிட்ட நீர், கல்லை எப்படித் தூக்கி வந்தது? பனிதான் தூக்கியிருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். இந்தியாவில் பனியா என்று அப்போது பலர் ஏற்கவில்லை. இன்று அது உறுதி. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்துக்கு அருகே கிடந்தபோது வந்த பனி அது. கண்டங்கள் நகர்ந்தன என்று வாதாடிய வெகெனருக்கு இதுவும் ஒரு பெரிய சான்று. ஆக, பனி இழுத்த கல்லை நம் பக்கத்தில் காண ஆசைப்படுபவர் தால்ச்சேருக்குப் போகலாம். கண்டிக்கு வருபவர் மழை செய்த கல்லைத்தான் பார்க்க முடியும்.

அதைப் பார்க்க நல்ல இடம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகெலே காடு. 'உட வத்த' என்றால் மேல் தோட்டம், 'கெலே' என்றால் காடு. அரண்மனைக்கு மேலே இருந்த அரச தோட்டம். பரப்பு 104 ஹெக்டேயர்தான். 1856இலேயே ஒதுக்குக் காடாகி, 1938இல் சரணாலயமானது. இங்கே கல் வெறும் காட்சிப் பொருளாக இருக்கவில்லை. சரிவில் துருத்தி நிற்கும் பெரும் பாறைகளுக்கு அடியில் குகைகள். அவற்றில் துறவிகள் இருந்திருக்கிறார்கள். செங்கண்ட என்ற முனிவர் இங்கே ஒரு குகையில் வாழ்ந்தார் என்பது மரபு. நகரத்தின் பழைய பெயர் செங்கடகல. அது அந்த முனிவரால் வந்தது என்பார் சிலர், ஒரு வண்ணக் கல்லால் வந்தது என்பார் சிலர். எப்படிப் பிரித்தாலும் பெயரின் கடைசியில் நிற்பது 'கல', அதாவது கல்.

இந்தக் காட்டில் ஒரு குடிலில்தான் ஜெர்மனியில் பிறந்த ஞானபொனிக்க தேரர் 1952 முதல் 1994இல் மறையும்வரை வாழ்ந்தார். காட்டுக்குள் நடந்தால் தடித்த புஸ்வெல் கொடி மரத்துக்கு மரம் தாவிப் பாறைமேல் படர்ந்திருக்கும். பாறையைக் கவ்விய வேரைக் கூர்ந்து பாருங்கள். வெடிப்புக்குள் போய் அது கல்லைப் பிளக்கவும் செய்கிறது, கல்லையும் மண்ணையும் சேர்த்துக் கட்டியும் வைத்திருக்கிறது. இந்த இரண்டு வேலையும் ஒரே வேருடையது. காடு இருக்கும்வரை இரண்டாவது வேலை மேலோங்கி நிற்கிறது.

நக்கிள்ஸ் பெரிய களம். இறுக்கிய கைமுட்டியின் கணுக்கள்போல் சிகரங்கள் தெரிந்ததால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. உள்ளூரில் தும்பர மலை. அதன் உச்சி கொம்பானிய, 1,906 மீற்றர். 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பிட்டவல பத்தனையில் மண் விரலளவுதான், அடியில் பாறைத்தட்டு. மரம் காலூன்ற முடியாமல் புல்வெளியாகவே நிற்கிறது.

ஆனால் நக்கிள்ஸ் கல்லின் அருமையை அறிய, மலையை அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பது நல்லது. ஓடைக்கரைப் பாறைமேல் நீர் ஒரு தாள் கனத்துக்கு மட்டும் வழிந்துகொண்டிருக்கும். அந்த ஈரத்தில் சிறு கரிக்கோடுகள்போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் நிழல் பட்டதும் அவை துள்ளும். தலைப்பிரட்டைகள்! குளத்தில் நீந்த வேண்டியவை, பாறைமேல் பாசியை மேய்ந்து வளர்கின்றன. இலங்கைக்கு மட்டுமே உரிய நன்னோஃப்ரிஸ் என்ற தவளைப் பேரினத்தின் மார்மொராட்டா இனம் அது. உலகில் நக்கிள்ஸ் பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லை. வளர்ந்த தவளையின் உடல் தட்டையானது, கல்லிடுக்கில் நுழைந்துகொள்ள ஏற்றது, முட்டையும் இடுக்கில்தான். பாறைமேல் நிழல் தரும் மரத்தை வெட்டி, அந்தத் தாள் கன நீர் வெயிலில் காய்ந்துபோனால், இந்த உயிருக்குப் போக வேறு இடமில்லை. மரத்தடிப் புதரைத் துடைத்துவிட்டு ஏலக்காய் வைத்த சரிவுகளில் நேர்ந்த இழப்பை இந்த ஈரப் பாறையிலிருந்துதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மனிதரும் இந்தக் கற்களை விடவில்லை. கண்டிக்கு அருகே தெகல்தொருவ விகாரை பாறையைக் குடைந்து செய்தது. பெயருக்கு இரு கல் வாயில் என்று பொருள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கி அவன் தம்பி காலத்தில் முடிந்தது. கடலாதெனிய விகாரை வெறும் பாறைத்தட்டின்மேல் 1344இல் எழுந்தது. அதைக் கட்டிய தென்னிந்தியச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி, கட்டிய செய்தியும் அந்தப் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. மாவனல்லைக்கு அருகே ஊதுவான்கந்தைக் கற்குவியல் கொள்ளைக்காரன் சரதியேலுக்கும் அவன் தோழன் மம்மாலி மரிக்காருக்கும் ஒளிவிடமானது. 1864 மார்ச் 21ஆம் திகதி அவர்களைப் பிடிக்கப் போன இடத்தில் கொல்லப்பட்ட பொலிஸ்காரர் துவான் சபான் நினைவாகத்தான் இன்றும் அந்த நாள் பொலிஸ் வீரர் நினைவு தினம்.

பிறகு வந்தது கோப்பி, அதன் பின் தேயிலை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். காட்டை வெட்டியதும் அதுவரை மறைந்திருந்த கற்கள் எல்லாம் வெட்டவெளியில் நின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மக்கள் அவற்றை உடைத்துப் பாதை போட்டார்கள், கல்லடுக்கிக் கட்டு எழுப்பினார்கள், கான் வெட்டினார்கள். உடைக்க முடியாத கல்லைச் சுற்றித் தேயிலை நட்டார்கள். சில கற்களுக்குக் குங்குமம் வைத்து, சூலம் நட்டு, முனியாண்டி ஆக்கினார்கள். தோட்டத்தில் தேயிலைக் களத்துக்கே 'மலை' என்றுதான் பெயர். ஒருவகையில் அந்தச் சொல் சரி: செடிக்குக் கீழே இருப்பது இன்னும் மலைதான், இன்னும் உக்கிக்கொண்டிருக்கும் மலை.

இதுதான் இந்தப் பேச்சின் நடுப்பொருள். பனி இறக்கிவைத்த ஒக்கொடொக்ஸ் கல்லுக்கு ஒரு ஆபத்துமில்லை, சமவெளியில் கிடக்கிறது. கண்டியின் கல் சரிவில், உக்கிய மண்ணில் பாதி புதைந்து நிற்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த மண்ணும் வேரும்தான். வீடு கட்ட அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டினால், வீதியை அகலமாக்கினால், கானை அடைத்து நீரைத் திசைமாற்றினால், கல்லின் காலடி போகிறது. மழை வெடிப்பில் நிரம்பி மண் கனத்ததும் கல் புறப்படுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கண்டி மாவட்டத்தையே உலுக்கியது, எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோனது.

அப்படியான ஒவ்வொரு தடவையும் 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதுகிறோம். மழை இயற்கைதான். அடிவாரத்தை வெட்டியது இயற்கை அல்ல. ஒதுக்குக் காடு என்றதும் பறவைக்கும் குரங்குக்கும் விட்டுக்கொடுத்த இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. உடவத்தகெலே காடு கண்டி நகரத்தின் தலைக்குமேல் உள்ள கற்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் ஓரத்தை அரித்து எழும் ஒவ்வொரு கட்டடமும் கீழே உறங்குபவர்மேல் ஏற்றப்படும் கடன்.

வீட்டுக்குப் பின்னால் வெட்டுமுகம் உள்ளவர்கள் இந்த ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, தெளிவாக வந்துகொண்டிருந்து நின்றுபோன ஊற்று, கல்லின் அடியில் புதிதாய்த் தெரியும் இடைவெளி. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சரிவை வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைக் கேளுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருங்கள். 100ஐத் தாண்டினால் பையைக் கட்டுங்கள். 150ஐத் தொட்டால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், இரவானாலும் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.